மதுசாரம் கலந்த மருத்துவப் பொருள்களை வகைப்படுத்துமாறு

சொற்களை இனம் பிரித்து நிறுத்துதல் தமிழாசிரியர் நாளும் செய்யும் தொழில். ஒரு சொல் பெயரோ வினையோ என்பதை அதன் வெளித்தோற்றம் மாத்திரம் கொண்டு துணிதல் ஆகாது என மாணவர்க்கு யாம் ஓயாது கூறி வருகின்றோம். 'படி' என்பது ஏறுதற்குரிய படியோ, ஓதுக என்னும் ஏவலோ என்பது வாக்கியம் முழுவதையும் நோக்கிய பின்னரே விளங்கும். பொருள்களை வகைப்படுத்துதலும் இத்தகையதே. 'மருந்து' என்னும் பெயர் ஒரு போத்தலின்மீது எழுதப்பட்டிருத்தலால் அப்போத்தல் தீங்கற்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. தாதியின் கையில் மருந்தாய் நிற்கும் அதே திரவம், கப்பலிலே வெயிலிற் காயும் கொள்கலத்துள் எரிபொருளாய் நிற்கும்.

இப்பொருள்பற்றி இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் கடல் கடந்த நாடுகளிலே வாழ்கின்றனர். அவர்தம் உள்ளமோ பிறந்த மண்ணை விட்டு நீங்கவில்லை. 2022 ஆம் ஆண்டில் இலங்கையிலே கடும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வெளிநாடு வாழ் அன்பர் பலர் ஊர் வைத்தியசாலைகளுக்கு மருத்துவப் பொருள்களை அனுப்பினர். அத்தகைய பொதிகளில் இடம்பெறும் பொருள்களுட் பல மதுசாரம் கலந்தவை. நல்லெண்ணத்தோடு கட்டப்பட்ட பொதியும், தவறாக வகைப்படுத்தப்பட்டதாயின், விமான நிலையத்திலே தடுக்கப்படும். அன்றித் தடுக்கப்படாது சென்று, ஏற்றி இறக்கும் தொழிலாளர்க்கும் மாலுமிகளுக்கும் இடர் விளைக்கும். இரசாயனம் எமது பாடமன்று. ஆயினும், ஒன்றனை அதற்குரிய பெயரால் வழங்குதல் எமது பாடமாகலின், கற்று அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுவாம்.

விதிகளின் வரலாறு

ஆபத்து விளைக்கத்தக்க பண்டங்களைக் கொண்டுசெல்லுதற்குரிய பரிந்துரைகளை ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. அந்நூல் காலந்தோறும் திருத்தப்பெற்று இன்றும் அடிப்படை நூலாய் விளங்குகின்றது. அதனை முதலாகக் கொண்டு வழிநூல்கள் எழுந்தன. கடல்வழிக்குரிய சர்வதேச விதித்தொகுதி 1965 இல் ஏற்கப்பெற்று, 2004 சனவரி 1 ஆந் திகதி முதல் கட்டாயமாயிற்று. வான்வழிக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிகள் உள்ளன. ஐரோப்பியத் தெருவழிக்குத் தனியான உடன்படிக்கை ஒன்றுண்டு.

இவ்விதிகள் ஆபத்தான பண்டங்களை ஒன்பது வகுப்பாக வகுக்கின்றன. வெடிபொருள் முதலாம் வகுப்பு, வாயுக்கள் இரண்டாவது, தீப்பற்றும் திரவங்கள் மூன்றாவது, தீப்பற்றும் திண்பொருள் முதலியன நான்காவது, ஒட்சியேற்றிகளும் சேதனப் பேரொட்சைட்டுக்களும் ஐந்தாவது, நஞ்சும் தொற்றுப்பொருளும் ஆறாவது, கதிர்த்தொழிற்பாடு உடையன ஏழாவது, அரிக்கும் பொருள் எட்டாவது, இவற்றுள் அடங்காத பிறவெல்லாம் ஒன்பதாவது. ஒவ்வொரு பண்டத்துக்கும் நான்கு இலக்கங்கொண்ட எண் ஒன்றும், உரிய கப்பற்பெயர் ஒன்றும் கொடுக்கப்பட்டுள்ளன. எதனோலுக்கும் அதன் கரைசலுக்கும் எண் 1170. ஐசோபுரொப்பனோலுக்கு எண் 1219. வாணிகப் பெயர் எதுவாயினும் ஆவணத்தில் எழுதப்பட வேண்டியவை இவ்வெண்ணும் கப்பற்பெயருமேயாம்.

தீப்பற்றுநிலை

மூன்றாம் வகுப்பைத் துணிதற்குக் கருவியாவது தீப்பற்றுநிலை. ஒரு திரவத்தின் மேற்பரப்பினின்றும் எழும் ஆவி, சுடர் காட்டியவிடத்து ஒருகணம் பற்றுதற்குப் போதியதாய்ச் செறியும் மிகக் குறைந்த வெப்பநிலையே அஃதாம். திரவம் எரிகின்றதில்லை, அதன் ஆவியே எரிகின்றது என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

மூடிய கிண்ணத்தில் அளந்த தீப்பற்றுநிலை 60 பாகை செல்சியசோ அதற்குக் குறைவோ ஆயின், அத்திரவம் பொதுவாக மூன்றாம் வகுப்பைச் சாரும். அவ்வகுப்பினுள்ளும் ஆபத்தின் அளவு நோக்கி மூன்று பொதித்தொகுதிகள் உள. 35 பாகையிலோ அதற்குக் கீழோ கொதிக்கத் தொடங்குவன முதலாந் தொகுதி. கொதிநிலை அதனின் மிக்கதாய்த் தீப்பற்றுநிலை 23 பாகைக்குக் கீழ்ப்பட்டன இரண்டாந் தொகுதி. தீப்பற்றுநிலை 23 முதல் 60 பாகை வரையுள்ளன மூன்றாந் தொகுதி.

தூய எதனோல் ஏறத்தாழ 78 பாகையிற் கொதிக்கும். அதன் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 13 பாகை. ஐசோபுரொப்பனோல் 82 பாகையளவிற் கொதிக்கும். தீப்பற்றுநிலை 12 பாகையளவினது. ஆகவே இரண்டும் இரண்டாந் தொகுதியின. நீர் கலக்கக் கலக்கத் தீப்பற்றுநிலை உயரும். 40 வீத எதனோற் கரைசலுக்கு அது ஏறத்தாழ 26 பாகை. 10 வீதக் கரைசலுக்கு ஏறத்தாழ 49 பாகை. யாழ்ப்பாணத்துப் பகல் வெப்பம் 30 பாகையை எளிதில் எட்டும். எனவே 40 வீதக் கரைசலும் எமது ஊர்ப் பகலிலே தன் தீப்பற்றுநிலையைக் கடந்தே நிற்கின்றது. குளிர்நாட்டுக் கிடங்கில் அமைதியாயிருந்த பொதி கொழும்புத் துறைமுகத்தை அடையும்போது அதே அமைதியோடு இருக்கும் என்று எண்ணற்க.

ஒரு பொதியை ஆராய்தல்

விதியை மாத்திரம் கூறி அமைதல் கற்பித்தலாகாது, எடுத்துக்காட்டும் வேண்டும். வெளிநாட்டுக் கிளைச் சங்கம் ஒன்று ஊர் வைத்தியசாலைக்கு ஏழு பொருள்களை அனுப்பக் கருதுகின்றது எனக் கொள்வோம்.

முதலாவது, கைத் தொற்றுநீக்கித் திரவம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை இரண்டனுள் ஒன்று 80 வீத எதனோலும், மற்றையது 75 வீத ஐசோபுரொப்பனோலும் கொண்டது, இரண்டிலும் 1.45 வீதக் கிளிசரோலும் 0.125 வீத ஐதரசன் பேரொட்சைட்டும் சேரும். ஐதரசன் பேரொட்சைட்டு ஒட்சியேற்றியாதலின் ஐந்தாம் வகுப்பும் வருமோ என ஐயுறலாம். வாராது, 8 வீதத்துக்குக் குறைந்த அதன் நீர்க்கரைசலுக்கு இவ்விதிகள் இல்லை. மதுசாரம் ஒன்றே ஈண்டு வகுப்பைத் துணிவது. ஆகவே மூன்றாம் வகுப்பு, இரண்டாந் தொகுதி.

இரண்டாவது, ஊசி ஏற்றுமுன் தோலைத் துடைக்கும் அற்ககோல் சுவாப். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் ஒட்டப்பட்டது. அதிலுள்ள திரவம் ஒரு மில்லிலீற்றருக்கும் குறைந்தது. திண்பொருளில் உறிஞ்சப்பட்ட இத்தகைய தீப்பற்றுந் திரவம், ஒட்டிய உறை ஒன்றுக்கு 10 மில்லிலீற்றருக்குக் குறைவாகவும், உறையினுள் தனித்தோடும் திரவம் இன்றியும் இருப்பின் விதிகளுக்கு உட்படாது. இவ்வரம்பு உறை ஒன்றுக்கே உரியது. ஒரு பெட்டியில் 200 உறைகள் இருப்பினும் அவற்றின் திரவத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தல் வேண்டா.

மூன்றாவது, பிளாத்திக்குப் பேணியில் அடைத்த பெரிய துடைப்பத் தாள்கள். பொருளும் திரவமும் சுவாப்பினை ஒத்தனவே. ஆயினும் பேணி முழுவதும் ஒரே கலம். அதனுள் உறிஞ்சப்பட்ட திரவம் 10 மில்லிலீற்றரைப் பன்மடங்கு கடக்கும். ஆதலால் விலக்குக் கிடையாது. தீப்பற்றுந் திரவம் கொண்ட திண்பொருள் என்னும் பெயரோடு, எண் 3175 இன்கீழ், நான்காம் வகுப்பின் முதற் பிரிவில் இது சாரும். பொதியை மூடும் வேளையிலே பேணியின் அடியில் திரவம் தேங்கி நிற்கக் காணின் இவ்வெண்ணும் பொருந்தாது.

நான்காவது, அயடீன் ரிங்சர். 2 வீத அயடீன் கொண்ட வழக்கமான ரிங்சரில் மதுசாரம் ஏறத்தாழப் பாதியளவினது. மருந்து ரிங்சர்களுக்கு என எண் 1293 தனியே வகுக்கப்பட்டுள்ளது. அதுவும் மூன்றாம் வகுப்பே. இரண்டாந் தொகுதியோ மூன்றாந் தொகுதியோ என்பது தீப்பற்றுநிலையை அறிந்தே துணியற்பாலது. மதுசாரமின்றி நீரிற் கரைத்த பொவிடோன் அயடீன் இவ்வகுப்பிற் சேராது. இரண்டும் ஒரே செந்நிறத்தன. நிறம் நோக்கி இனம் துணிவார் ஈண்டு இடர்ப்படுவர்.

ஐந்தாவது, காயத்தின்மேல் தெளிக்கும் அடைத்த தெளிப்பான். உள்ளே மதுசாரம் இருப்பினும் இது மூன்றாம் வகுப்பன்று. அமுக்கப்பட்ட வாயுவோடு அடைக்கப்பட்டமையால் எண் 1950 இன்கீழ் இரண்டாம் வகுப்பைச் சாரும். அடைத்திருக்கும் முறையும் வகுப்பை மாற்றும் என்பதற்கு இது சான்று.

ஆறாவது, முதலுதவிப் பெட்டி. ஆபத்தான பொருள் பல சிறிய அளவில் ஒருங்கே உள்ள பெட்டிக்கு எண் 3316, ஒன்பதாம் வகுப்பு. ஒரு பெட்டியிலுள்ள ஆபத்தான பொருள்களின் மொத்தம் ஒரு இலீற்றரையோ ஒரு கிலோகிராமையோ மிகுதல் கூடாது. கட்டுத்துணியும் கத்தரிக்கோலும் மேற்கூறிய சுவாப் உறைகளும் மாத்திரமே உள்ள பெட்டியாயின், அதில் விதிக்குட்பட்ட பொருள் யாதுமில்லை, எண்ணும் வேண்டா.

ஏழாவது, தசமூலாரிட்டம். அரிட்டங்களில் நொதித்தலால் மதுசாரம் தானே உண்டாகும். அது பொதுவாக 12 வீதத்தை மிகாது. கனவளவில் 24 வீதத்துக்கு மேற்படாத மதுசாரம் கொண்ட நீர்க்கரைசல் எண் 1170 இன் விதிகளுக்கு உட்படாது. எனவே அரிட்டம் ஆபத்துப் பண்டமாக எண்ணப்படுவதில்லை.

வழுவமைதி போலும் விலக்குகள்

மேலே 24 வீதம் என்றும் 10 மில்லிலீற்றர் என்றும் கூறிய இடங்களில் மாணவர்க்கு ஓர் ஐயம் எழலாம். 20 வீத எதனோற் கரைசலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 36 பாகை. அது 60 பாகைக்குக் கீழ்ப்பட்டதன்றோ? பின்னர் ஏன் விடப்பட்டது எனின், கூறுதும். நீர் மிகுந்த கரைசலின் ஆவி ஒருகணம் பற்றினும், நீரின் மிகுதியால் தீ தொடர்ந்து நில்லாது. ஆபத்துச் சிறிதாகலின் சலுகை தரப்பட்டது.

இலக்கணத்திலே வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று கற்பிக்கின்றோம். வழுவமைதி என்பது வழு இல்லையென மறுப்பதன்று. காரணம் காட்டி அதனை அமைத்துக்கொள்வது. விலக்குகளும் அத்தன்மையனவே. அவற்றை அவை கூறப்பட்ட இடத்திலேயே வழங்குதல் வேண்டும். எதனோலுக்கு எழுந்த 24 வீத விலக்கை ஐசோபுரொப்பனோலுக்கும் உரியதெனத் தாமே நீட்டிக்கொள்ளுதல் கூடாது.

இன்னும் ஒன்று. ஐரோப்பியத் தெருவழி உடன்படிக்கையிலே, சில்லறை விற்பனைக்கென ஆக்கி அடைத்த, உடனே பயன்படுத்தத்தக்க மருந்துகளுக்குச் சிறப்பு விலக்கு ஒன்றுண்டு. ஆகவே இலண்டன் மருந்துக்கடையிலிருந்து ஒரு பெட்டி ரிங்சரை வண்டியில் ஏற்றிச் செல்லுதல் தடையின்றி நிகழும். அதே பெட்டி விமான நிலைய வாயிலை அடைந்தவுடன் அவ்விலக்கு ஒழிகின்றது. பொருள் மாறவில்லை, வழி மாறிற்று. 'இதுவரை யாரும் தடுத்திலரே' என்று அன்பர் மனம் வருந்துமிடம் பெரும்பாலும் இதுவே.

வழிக்கேற்ற அளவு

மூன்றாம் வகுப்பு, இரண்டாந் தொகுதியைச் சேர்ந்த எதனோற் கரைசலைக் கடல்வழி அனுப்புங்கால், 'வரையறுத்த அளவு' என்னும் முறையில் உட்கலம் ஒவ்வொன்றும் ஒரு இலீற்றரை மிகாமலும், பொதியின் மொத்த நிறை 30 கிலோகிராமை மிகாமலும் இருப்பின் பெருஞ்சலுகை உண்டு. சோதனை முத்திரை பெற்ற பெட்டி வேண்டா. மேலும் கீழும் கருமையாய் நடுவே வெண்மையாய் உள்ள சாய்சதுரக் குறி இடுதல் வேண்டும்.

அரை இலீற்றர்ப் போத்தல் 24 கொண்ட ஒரு பெட்டியை எண்ணுக. மொத்தம் 12 இலீற்றர். கடல்வழிக்கு இஃது வரையறுத்த அளவினுள் அடங்கும். வான்வழியிலோ அம்முறையில் ஒரு பொதிக்கு ஒரு இலீற்றரே, அஃதாவது இரண்டு போத்தலே ஏற்கப்படும். அம்முறையை விட்டு, சோதித்து முத்திரையிட்ட பெட்டியில் அனுப்பின், பயணிகள் விமானத்திற் பொதி ஒன்றுக்கு 5 இலீற்றரும், சரக்கு விமானத்தில் 60 இலீற்றரும் அனுமதிக்கப்படும். எனவே 12 இலீற்றரைப் பயணிகள் விமானத்தில் அனுப்புவோர் அதனை மூன்று பொதிகளாகப் பிரித்தல் வேண்டும். இரண்டாந் தொகுதிக்குரிய பெட்டி 1.2 மீற்றர் உயரத்திலிருந்து விழச்செய்து சோதிக்கப்பட்டது. அதன் முத்திரையில் எக்ஸ் அல்லது வை என்னும் எழுத்து இருக்கும். சுடர் வரைந்த சிவந்த சாய்சதுரமே மூன்றாம் வகுப்பின் சின்னம்.

சர்வதேச வான் அஞ்சலிலே தீப்பற்றுந் திரவத்துக்கு இடமில்லை. பயணிகள் தம் பயணப்பெட்டியில் மருந்தும் ஒப்பனைப் பொருளுமாக ஒருவருக்கு மொத்தம் 2 இலீற்றர் அல்லது 2 கிலோகிராம் வரை, ஒவ்வொரு கலமும் அரை இலீற்றரை மிகாதவாறு, கொண்டு செல்லலாம். அது தம் தேவைக்கென அமைந்த சலுகை. வைத்தியசாலைக்குரிய சரக்கை அவ்வழியாற் கடத்துதற்கு அமைந்ததன்று.

மெய்யான பெயரின் பயன்

ஆபத்தான பண்டம் விமானத்தில் ஏற்றப்படுமிடத்து, அஃது என்ன, எவ்வளவு, எவ்விடத்தில் உள்ளது என்பதை விமானத் தலைவருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தீ மூண்டால் அவர் துணையாகக் கொள்வது அத்தாளையே. அனுப்பியவர் பெயரை மறைத்தாராயின் அத்தாள் வெறுந்தாளாம்.

1996 மே 11 ஆந் திகதி அமெரிக்காவின் மயாமி நகரினின்றும் புறப்பட்ட வலுஜெற் 592 ஆம் இலக்க விமானத்தில், ஒட்சிசன் பிறப்பிக்கும் பழைய கருவிகள் ஏற்றப்பட்டிருந்தன. அவை வெறுமையானவை என ஆவணம் கூறிற்று. உண்மையில் அவை வெறுமையாக இருக்கவில்லை. தீ மூண்டு விமானம் புளோரிடாச் சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 110 பேரும் மாண்டனர். 'வெறுமை' என்னும் ஒரு சொல் அதற்குரிய இடமல்லாத இடத்தில் நின்றமையின் விளைவு அது.

எமது கடற்கரையும் இப்பாடத்தை அறியும். 2021 மே 20 ஆந் திகதி கொழும்புக்கு அப்பாற் கடலிலே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பல் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலங்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக்கமிலமும் அவற்றுள் அடங்கும். பிளாத்திக்குக் குருணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின, மீனவர் தொழிலிழந்தனர்.  ஒரு கொள்கலத்தின் உள்ளீடு கரையிலுள்ள ஏழையின் உலைப்பானை வரைக்கும் எட்டும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அனுப்புவோர்க்குச் சில சொல்

பொருளை வகைப்படுத்தும் பொறுப்பு அனுப்புவோரைச் சார்ந்தது. ஏற்றிச் செல்வோரைச் சார்ந்ததன்று. ஆகவே பொதி கட்டுமுன் ஒவ்வொரு பொருளுக்கும் உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டுப் பெறுக. அதில் 16 பகுதிகள் உண்டு. ஒன்பதாம் பகுதியில் தீப்பற்றுநிலையும் கொதிநிலையும், பதினான்காம் பகுதியில் கொண்டுசெல்லுதற்குரிய எண்ணும் வகுப்பும் பொதித்தொகுதியும் காணப்படும். மதுசாரத்தின் வீதம், ஒரு கலத்தின் கொள்ளளவு, கலங்களின் தொகை, திரவம் தனித்து நிற்கின்றதோ உறிஞ்சப்பட்டுள்ளதோ என்னும் இந்நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. வான்வழிக்கு ஆபத்துப் பண்டம் அனுப்புவோரும் பொதிவோரும் அதற்குரிய பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். பயிற்சி இல்லாதோர் தகுதியுள்ள முகவரை நாடி அத்தாளை அவர் கையிற் கொடுப்பாராக. அவரிடம் 'மருத்துவ உதவிப் பொருள்' என்று மாத்திரம் கூறி ஒழிதல் போதாது.

இலங்கைக்கு மருந்து இறக்குமதி செய்தற்கு, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் விதிகள் வேறாக உள. கப்பல் விதிக்கு அமைந்த பொதி அவ்விதிக்கும் தானே அமைந்துவிடாது. இரண்டையும் முன்னரே விசாரித்தல் நன்று. பெறவிருக்கும் வைத்தியசாலைக்கு எழுதி, வேண்டுவது எது எனக் கேட்டலும் முறையாம். பலவேளைகளில் ஒரு பீப்பாய் கைத் தொற்றுநீக்கியினும் கையுறையும் தையல் நூலுமே அவர்க்கு வேண்டியனவாயிருக்கும். அவற்றுக்கு வகுப்புமில்லை, எண்ணுமில்லை.

மாணவர்காள்! இரசாயன வகுப்பிலே தீப்பற்றுநிலை கற்கும் நாளில், அதனைத் தேர்வுக்குரிய ஒரு வரைவிலக்கணமாக மாத்திரம் கருதற்க. அடுத்த முறை வீட்டில் ஒரு மருந்துப் போத்தலைக் கையிலெடுக்கும்போது, அதன் சுற்றுத்தாளிலுள்ள சிறிய எழுத்துக்களைப் படியுங்கள். மதுசாரம் எத்தனை வீதம் எனக் காணுங்கள். அது 24 க்கு மேலோ கீழோ, மேலாயின் எவ்வகுப்பு, எத்தொகுதி என உங்களுக்குள் வினவி விடை காணுங்கள். வெளிநாட்டிலிருந்து பொதி அனுப்பக் கருதும் உறவினர்க்கு அவ்விடையை எழுதி அறிவிக்க உங்களுள் ஒருவரேனும் முன்வருவாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யாம் பெற்றோமாவோம்.